உஷாராணி செஞ்ச பாறை

மார்க்கெட்டுல அவளுக்கு மீன்கொல்லின்னு பேரு வச்சிருக்கானுங்க. காலையில திருபுவனை பஸ்ஸுக்கு அவ டிபன் பையோட நிக்கும்போது டீக்கடையிலேர்ந்து ஒருத்தன், "தோ நிக்குது பாரு மீன்கொல்லி"ன்னு கொரல் வுடுறான். கூட இருக்கறவனுங்க பல்ல இளிக்கிறானுங்க. போன வாரம் தக்காளிக் கூடையோட நேரா போயி நின்னேன். "யார்றா அவன்? உன் வூட்டு மீன அவ கொன்னாளா? பேரு வைக்கத் தெரிஞ்ச வாயி, ஒரு நாளு அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்குதா?"ன்னு கேட்டேன். அவனுங்க டீ கிளாசுக்குள்ள மூஞ்ச வுட்டுக்கினானுங்க. உஷாராணி என் கையப் புடிச்சி இழுக்கறா, "வாக்கா, வுடுக்கா"ன்னு. எனக்கு அவ மேலயும் கோவம்தான். இவ்ளோ நல்லவளா இருந்தா மனுசனுங்க நடுவுல எப்டி பொழைக்கறது?

என் பேரு அம்சவள்ளி. வில்லியனூர் மார்க்கெட்டுல மளிகை மொத்த யாபாரம் பண்ற சண்முகசுந்தரம் வூட்டுல நாந்தான் சமையலு. நடந்ததெல்லாம் அந்த வூட்டுக் கூடத்துலதான் நடந்துச்சி. எல்லாத்தையும் கரண்டியும் கையுமா நின்னு பாத்தவ நான். அதனால நான் சொல்றத கேளுங்க, டீக்கடைக்காரன் சொல்றத வுடுங்க.

உஷாராணி நெட்டப்பாக்கம் பக்கத்துல பொறந்தவ. அப்பன் கரும்பு வெட்டுற ஆளு. அந்த ஊரு மாதா கோயில்ல வருசா வருசம் கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டுறது இவதான், பாவாட கட்டுன வயசுலேர்ந்து. செங்கல்ல அடுக்கி, குச்சிய நட்டு, பழைய கோணிச் சாக்க சிமெண்ட்டுப் பால்ல முக்கி மேல போத்துவா. காஞ்சி வெறச்சதும் காவிப் பொடியும் கரியும் தூவுவா. பாத்தா செஞ்சி மலைய அப்படியே பேத்து எடுத்தாந்து வச்ச மாதிரி இருக்கும். கல்யாணம் ஆயி வில்லியனூருக்கு வந்தா. புருஷன் டேனியலு பெயிண்டரு. ரெண்டு வருசம் சுவத்துக்கு வெள்ளையடிச்சான், அப்பால இவளுக்கே வெள்ளையடிச்சிட்டு கடலூர்ல எவகூடவோ போயிட்டான். போனவன் வாய்க்கரிசிக்குக் கூட வரக்கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். அவ மட்டும் அவன ஒரு வார்த்த சொல்ல மாட்டா.

அதுக்கப்புறம் திருபுவனையில ஒரு கம்பெனியில பேக்கிங் வேலைக்குச் சேந்தா. மிஷினு பாகத்தையெல்லாம் தெர்மாகோலுக்குள்ள வச்சி அட்டப்பெட்டியில மூடுற வேலை. ஷிப்டு முடியற வரைக்கும் நிக்கணும், ஒண்ணுக்குப் போகக்கூட சூப்பர்வைசரு மூஞ்சப் பாக்கணும். ஒடஞ்ச தெர்மாகோல வெளிய கொட்டுவாங்க இல்ல, அத சாக்குல கட்டி வூட்டுக்குத் தூக்கியாந்துடுவா. பஸ்ஸுல கண்டக்டரு திட்டுவான். வூட்டுல பழைய கத்திய அடுப்புல காய வச்சி அத அறுத்து, மெழுகுவத்தியால சுட்டு, பாறை செய்வா, குகை செய்வா, ஆலமரத்து வேரு செய்வா. எதுக்குடி இதெல்லாம்னு கேட்டா, "கலர் மீன் தொட்டிக்குப் பின்னாடி வைக்கறதுக்கா, போன்ல பாத்தேன்"னு சொல்லுவா.

ரயில்வே கேட்டாண்ட கலர் மீன் கடை வச்சிருக்கற மணிவண்ணன் அவகிட்ட ஒண்ணு சொல்லியிருந்தான். "உஷா, நீ செஞ்சது ஏதாச்சும் ஒரு வூட்டுத் தொட்டியில நின்னு, மீனு நல்லபடியா இருக்கட்டும். அப்பால என் கடையில உன் சரக்குதான்." அதுவே அவ உசுராப் போச்சி. "ஒரு மீனு, ஒரே ஒரு மீனு என் பாறை முன்னாடி நல்லா நீந்திட்டா போதுங்கா, நான் கம்பெனிய வுட்டுடுவேன்"னு என்கிட்ட எத்தினி தடவ சொல்லியிருப்பா தெரியுமா?

அந்த நேரத்துல எங்க வூட்டு மருமவ கீதாஞ்சலிக்கு அரவானா மீனு ஆச வந்துச்சி. நீளமா, தங்க நெறத்துல, தாடையில ரெண்டு மீச வச்சிக்கினு இருக்குமே, அது. வாஸ்து மீனு. யாபாரிங்க வூட்டுல இப்ப இது ஒரு பழக்கம். வூட்டு ஆம்பளைக்கு ஒரு கண்டம் வந்தா இந்த மீனு அத தன் தலையில வாங்கிக்கினு செத்துப்போவுமாம். மனுசன் பொழச்சிக்குவானாம். முட்டை கூட வாசப்படி தாண்டாத வூடு அது. அங்க மீனுக்கு எறா வாங்கிப் போட்டாங்கன்னா பாத்துக்குங்க.

தொட்டிக்குப் பின்னாடி ஒட்டுன நீலக் காயிதம் நல்லா இல்லன்னு கீதாஞ்சலி மூஞ்சிய தூக்கிக்கினு இருந்துச்சி. நாந்தான் உஷாராணியப் பத்திச் சொன்னேன். வரச் சொன்னாங்க. தொட்டிய அளந்துக்கினு போனா. மீனு வுட ஜாதகக்காரரு குறிச்ச நாளு பக்கத்துல வந்துட்டுது, சீக்கிரம் சீக்கிரம்னு கீதாஞ்சலி போன் மேல போன் போட்டுது. இவ தெர்மாகோல அறுத்து, குடிலுக்குப் பூசுற மாதிரியே சிமெண்ட்டுப் பால பூசி, வெயில்ல காய வச்சி, சிலிக்கான் பசையால தொட்டியோட பின்னாடி கண்ணாடியில ஒட்டிட்டா. அழகுன்னா அழகு! ஒரு பக்கம் குகை, ஒரு பக்கம் படிப்படியா பாறை, நடுவுல வெடிச்ச வெடிப்புல பாசி மாதிரி பச்ச. கோகிலாம்பாளே, அதான் முதலாளி பொண்டாட்டி, நாங்க பெரியம்மான்னு கூப்புடறவங்க, யாரையும் புகழாத வாயி, "பரவால்லடி, கை இருக்குது உனக்கு"ன்னு சொல்லிச்சி.

மீன வுட்டு ஒரு வாரம் கூட ஆவல. காலையில நான் காபி கலக்கப் போறேன், மீனு மல்லாந்து மெதக்குது.

கீதாஞ்சலி கத்துன கத்துல தெருவே கூடிடுச்சி. உஷாராணிக்கு ஆள் போச்சி. அவ பதறியடிச்சி ஓடியாந்து தொட்டி முன்னாடி நின்னா, மொகத்துல ரத்தமே இல்ல. "உன்ன யாருடி குகை செய்யச் சொன்னது, சனியனே"ன்னு கீதாஞ்சலி ஆரம்பிச்சிது பாருங்க, அந்த நேரம் போன் வந்துச்சி. அது புருஷன், சின்ன முதலாளி செந்தில்நாதன், விழுப்புரம் ரோட்டுல காரோட லாரியில மோதிட்டாரு. காரு அப்பளமா நொறுங்கிப்போச்சாம். அவரு மட்டும் மொழங்கையில ஒரு சிராய்ப்போட எழுந்து வந்திருக்காரு.

அவ்ளோதான். வூடே தலகீழா மாறிப்போச்சி. கோகிலாம்பா செத்த மீனுக்கு மஞ்ச குங்குமம் வச்சி, பட்டுத்துணியில சுத்தி, வீராம்பட்டினம் கடலுக்குக் கொண்டுபோயி வுட்டுது. கண்டம் தீந்த தொட்டி வூட்டுல இருக்கக்கூடாதுன்னு அதையும் எடுத்துட்டாங்க. உஷாராணிக்கு பொடவ, தேங்கா, பழம் தாம்பாளத்துல வச்சிக் குடுத்தாங்க. "உன் கை பட்ட நேரண்டி, என் புள்ள பொழச்சான்"னு கெழவி அவ கன்னத்த வழிச்சி திருஷ்டி கழிச்சிது. இவ பேந்தப் பேந்த முழிக்கிறா.

மறுநாளே மணிவண்ணன்கிட்ட போயிருக்கா. அவன் தலையில அடிச்சிக்கினானாம். "சிமெண்ட்ட ஊறப் போடலியா? அது சுண்ணாம்பு கக்கும் உஷா. தண்ணிய மாத்தி மாத்தி, வழவழப்பு போற வரைக்கும் ஊறணும். குடில்ல இருக்கற கொழந்த ஏசு தண்ணியிலயா படுத்திருக்காரு? மீனு வெந்துபோயிருக்கும்." குடில் வேலையத் தவுர வேற சிமெண்ட்டு வேலை தெரியாதவ. அவளுக்கு யாரு சொல்லித் தந்தா?

அழுதுக்கினே நேரா எங்க வூட்டுக்கு வந்தா. வேணான்டி, வாங்குன பொடவையோட சொம்மா கெடன்னு சமையக்கட்டுலயே சொன்னேன். கேட்டாளா? கூடத்துக்குப் போயி, "பெரியம்மா, மீனு கண்டத்தால சாவல. நான் சிமெண்ட்ட ஊறப் போடாம வுட்டுட்டேன், அதனால செத்துச்சி. பொடவய திருப்பி வாங்கிக்குங்க"ன்னு நின்னா.

கோகிலாம்பா சிரிச்சிது. "அட பைத்தியமே, உன்ன ஊறப் போட மறக்க வச்சது யாரு? என் புள்ள கண்டம்தாண்டி உன் கையில வந்து உக்காந்துச்சி. போ, போயி பொடவயக் கட்டிக்கோ."

நானா இருந்தா பொடவய கட்டிக்கினு போயிருப்பேன். அவ அத பிரிக்கவே இல்ல.

பேச்சு மார்க்கெட்டு பூரா பரவிடுச்சி. எண்ணெக்கடைக்காரன் பொண்டாட்டி கூப்ட்டு வுட்டா, "எங்க வூட்டுக்காரருக்கு ஏழரை நடக்குது, நீ ஒண்ணு செஞ்சி குடு, ஊறல் கீறல்லாம் வேணாம்"னு. எலெக்ட்ரிக் கடைக்காரன் வந்து கேட்டான். ஜாதகக்காரரே ஆள் அனுப்புனாரு. ஒருத்தரு கூட பாறை எப்டி இருக்கணும்னு கேக்கல. மீனு எப்ப சாவும்னுதான் கேட்டாங்க. எல்லாருக்கும் மாட்டேன்னா. "அக்கா, நான் ஆசயா செய்யற பொருளு, அத எலி மருந்து மாதிரி கேக்கறாங்களே"ன்னு என் மடியில தல வச்சி அழுதா. மணிவண்ணனும் நைசா நழுவிட்டான். மீன் சாவுற பாறைய கடையில வச்சா அவன் யாபாரம் இன்னா ஆவுறது?

அப்பதான் எங்க பெரியவரு சண்முகசுந்தரத்துக்கு கிட்னி போச்சி. காலு வீங்கி, மூஞ்சி வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சி. பாண்டியில ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ வந்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கினா நல்லா இருப்பாருன்னு சொன்னாங்க. மொத வாரம் போனாரு. அந்த ஊசியப் பாத்து அலறுனாராம். மூட்ட மூட்டயா அரிசி தூக்குன ஆளு, ஊசிக்கு அழுவுறாரு. ஜாதகக்காரர கூப்ட்டு கேட்டாங்க. கண்டம் இருக்குது, தாண்டிட்டா இன்னும் ரொம்ப வருசம் இருப்பாருன்னு அந்த ஆளு வெத்தலய மென்னுக்கினே சொன்னான்.

மறுநாளே புதுத் தொட்டி, புது அரவானா. போன தடவையத விட பெருசு. வாங்கி மணிவண்ணன் கடையிலயே வுட்டு வச்சாங்க. உஷாராணிய வரவழைச்சாங்க.

"அன்னிக்கு செஞ்ச மாதிரியே செய்யணும். ஒண்ணு கூட மாறக்கூடாது. ஊறப் போடாத"ன்னு கோகிலாம்பா சொல்லிச்சி.

"மீனு செத்துடும் பெரியம்மா."

"அதுக்குத்தானே உன்னக் கூப்ட்டது?"

"நீங்களே ஒரு கை சுண்ணாம்ப அள்ளிப் போட்டா போவுதே, நான் எதுக்கு?"ன்னு இவ கேட்டா.

கீதாஞ்சலி குறுக்க வந்துச்சி. "நாங்க கைய வச்சா அது பாவம். கண்டம் எங்க மேலயே திரும்பிடும். தானா சாவணும். உன் கைன்னா எங்க வூட்டுக் கை இல்ல, பாதகமில்ல." எப்டி இருக்குது பாருங்க நியாயம்! பாவம் வந்தா உஷாராணி இருக்கற மாதா கோயில் தெருவுக்குப் போவணும், ஆயுசு வந்தா மளிகைக்கார வூட்டுக்கு வரணும்.

இந்த தடவ அவ மாட்டேன்னு சொல்லல. தலைய ஆட்டிட்டா. எனக்கே ஆச்சரியம். குடோனுக்குப் பின்னாடி கொட்டாயில எடம் குடுத்தாங்க, அங்க உக்காந்து செஞ்சா. கம்பெனிக்கு லீவு போட்டுட்டா. நாலு நாளுல கொண்டாறேன்னவ வரல. பெயிண்டு காயல, பசை காயலன்னு இழுத்துக்கினே இருந்தா. ஒரு நாளு நான் சோறு எடுத்துக்கினு போனேன். கொட்டாய்க்குப் பின்னாடி மாடு தண்ணி குடிக்கற பழைய கல்லுத் தொட்டி இருக்குது. அதுல பாறைய முக்கி, மெதக்காம இருக்க மேல கருங்கல்ல ஏத்தி வச்சிருக்கா. பக்கெட்டு பக்கெட்டா பழைய தண்ணிய மொண்டு கொட்டிட்டு புதுத்தண்ணி ஊத்தறா.

"அடி பாவி, இன்னாடி பண்ற?"ன்னு அலறிட்டேன். "தெரிஞ்சா கெழவி உன் தோலை உரிச்சிடும்டி."

தண்ணியில வெரல வுட்டு தேச்சிப் பாத்துக்கினே சொன்னா: "இன்னும் வழவழன்னு இருக்குதுக்கா. போவட்டும். பெரியவருக்கு கிட்னி கெட்டுப் போச்சி. மீனு செத்தா கிட்னி வந்துடுமா? நீயே சொல்லு."

"கிட்னி வருதோ வல்லியோ, உனக்கு ஒதை வரும்."

"வரட்டும். ஆனா இது ஒண்ணாச்சும் உசுரோட இருக்கட்டும்க்கா." சிரிச்சா. கிறுக்கச்சின்னு திட்டிட்டு சோத்த வச்சிட்டு வந்துட்டேன். ஆனா ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடல நான்.

பாறைய ஒட்டி, தண்ணி ரொப்பி, மணிவண்ணன் கடையிலேர்ந்து மீன கொண்டாந்து வுட்டாங்க. போன தடவையத விட இது இன்னும் அழகு. வெடிப்புல வேரு தொங்குது, வேருக்கு நடுவுல நெழலு. தங்கக்கட்டி கணக்கா அந்த மீனு அதுக்கு முன்னாடி போயிட்டு போயிட்டு வருது. பெரியவரு கட்டில கொண்டாந்து தொட்டிக்கு நேரா போட்டாங்க. கூடத்துல ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் மீனு. யாரு மொதல்ல போறாங்கன்னு வூடே பாத்துக்கினு இருந்துச்சி.

"செத்துச்சா?" இதான் கோகிலாம்பா காலையில எழுந்ததும் கேக்கற மொத கேள்வி. பல்லு கூட வெளக்கியிருக்காது.

"இல்லீங்க பெரியம்மா."

"நல்லாப் பாத்தியா? அசையுதா?"

"நல்லாத்தான் நீந்துதுங்க."

"ச்சே"ன்னு சொல்லிட்டு சாமி அறைக்குப் போவும். மீனுக்குத் தீனி போடக்கூடாதுன்னு உத்தரவு. தண்ணி பாக்க வர்ற சாக்குல உஷாராணி முந்தானையில நாலு எறாவ முடிஞ்சிக்கினு வருவா. கூடத்துல ஆளு இல்லாத நேரமா பாத்து போடுவா. மீனு நல்லா மதமதன்னு வளந்துச்சி. வர்ற சொந்தக்காரங்க வேற, "அடேயப்பா, இன்னா களையா இருக்குது"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. கீதாஞ்சலிக்குப் பத்திக்கினு வரும்.

இதுல பெரிய கொடுமை இன்னான்னா, பெரியவரு ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டாரு. செந்தில்நாதன் காரை வாசல்ல நிறுத்திட்டு கூப்ட்டா, "மீனு இருக்குதுல்ல, அது பாத்துக்கும்"னு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. கோகிலாம்பாவும், "எதுக்குடா அவர குத்தி குத்தி எடுக்கறீங்க, வுடுங்க"ன்னு மவன அதட்டும். புள்ளயும் வுட்டுட்டான். பெத்த அப்பன குண்டுக்கட்டா தூக்கி கார்ல போட வேணாமா? பொண்டாட்டி மொகத்தப் பாக்கறான், அம்மா மொகத்தப் பாக்கறான், கடைக்குப் போயிடுறான்.

ஒரு மத்தியானம் உஷாராணி தொட்டி மூடியத் தொறந்து தண்ணிய பாத்துக்கினு இருந்தா. நான் கஞ்சி கொண்டாந்தேன். பெரியவரு தலைய தூக்க முடியாம தூக்கி, "யாரு, உஷாவா?"ன்னாரு.

"ஆமாங்கய்யா."

"உன் கை ராசின்னாங்களேம்மா. இன்னிக்குக் கூட அது துள்ளிக்கினு இருக்குது. எனக்குப் பேத்தி கல்யாணத்தப் பாக்கணும். ஏதாச்சும் செய்யம்மா." ரெண்டு கையையும் கூப்புனாரு. மார்க்கெட்டே நடுங்குன ஆளு அது. என்ன ஒரு நாளு கூட பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல, ஏய்தான். அந்த மனுசன் அவ முன்னாடி கையெடுத்துக் கும்புட்டாரு.

உஷாராணி அவரு காலாண்ட உக்காந்துட்டா. "ஐயா, ஆஸ்பத்திரிக்கு வாங்கய்யா. நான் கூட வர்றேன். ஊசி போடும்போது கையப் புடிச்சிக்கறேன். ரத்தம் சுத்தமாச்சின்னா நீங்க எழுந்து நடப்பீங்கய்யா."

"மீனு போயிட்டா நான் ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"ன்னு கேட்டுட்டு கண்ண மூடிக்கினாரு.

சமையக்கட்டுக்கு வந்து வாயப் பொத்திக்கினு அழுதா. "ஒரு கை சுண்ணாம்பு போதுங்க்கா. அவரு மொகத்தப் பாத்தா போட்டுடலாமான்னு தோணுது."

"போட்டுத் தொலைடி. மீனுதானே? உன் வூட்டுல, என் வூட்டுல கொழம்பு வைக்கறதில்லியா?"

"கொழம்பு வச்சா பசி ஆறும். இதனால இன்னா ஆறும்? மீனு செத்துச்சின்னா, பொழச்சிட்டேன்னு அந்தக் கட்டில்லயே கெடந்து செத்துடுவாரு. இது உசுரோட இருக்கற வரைக்கும்தாங்க்கா அவருக்குப் பயம் இருக்கும். பயம் முத்திச்சின்னா ஒரு நாளாச்சும் கார்ல ஏறுவாருல்ல?"

அவ சொன்னது சரிதான். ஆனா அவரு ஏறல. அடுத்த வெள்ளிக்கிழம காலையில கோகிலாம்பா எழுந்து வந்து, "செத்துச்சா?"ன்னு கேட்டுது. நான் தொட்டியப் பாத்தேன். மீனு நீந்திக்கினு இருந்துச்சி. அப்பால கட்டிலப் பாத்தேன்.

ஐஸ் பெட்டி வந்துச்சி. பெரியவர குளிப்பாட்டி உள்ள வச்சி கண்ணாடி மூடிய மூடுனாங்க. கடை எல்லாம் சாத்திட்டு மார்க்கெட்டு மொத்தமும் வந்து நிக்குது. வாசல்ல பாடை கட்டுறாங்க. கூடத்துல பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கினு அழுவுறாங்க. அத்தினி பேருக்கும் பின்னாடி தொட்டியில லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சி. அத அணைக்கணும்னு யாருக்கும் தோணல. அந்த மீனு பாட்டுக்கு தங்கமா போவுது, வருது.

வராதடின்னு உஷாராணிக்குச் சொல்லி அனுப்பினேன். மாலைய வாங்கிக்கினு வந்து நிக்கறா மடச்சி. பெரியவரு காலாண்ட மாலைய வச்சிட்டு நிமிந்தா. கோகிலாம்பா அழுகைய நிறுத்திடுச்சி.

"வந்தியா? வாடி. உன் மீனு எப்டி இருக்குது பாத்தியா? என் ராசா எப்டி கெடக்குறாரு பாத்தியா?"

"பெரியம்மா..."

கீதாஞ்சலி எழுந்துச்சி. "அத்தே, இவ வேணும்னே பண்ணியிருக்கா. குடோன் ஆளு இப்பதான் சொன்னான். மாட்டுத் தொட்டியில நாள் கணக்கா ஊறப் போட்டிருக்கா. தண்ணி மாத்தி மாத்தி ஊறப் போட்டிருக்கா!"

"ஊறப் போட்டியா?"ன்னு கெழவி கேட்டுது.

பொய் சொல்லுடின்னு நான் கண்ண காட்டுறேன். அவளுக்கு அந்தக் கலை வராது. "போட்டேங்கம்மா"ன்னா.

எழுந்து வந்து மாத்தி மாத்தி அறஞ்சிது பாருங்க, அந்த வயசுல அவ்ளோ பலம் எங்கேர்ந்து வந்துச்சோ. "கொல்லத்தானேடி கூப்ட்டேன்? நீ வளத்துட்டியேடி! ஒரு மீன காப்பாத்த என் தாலிய அறுத்துட்டியேடி!" உஷாராணி தடுக்கல. தலையக் குனிஞ்சிக்கினு வாங்குனா. செந்தில்நாதன் வந்து அம்மாவப் புடிச்சாரு. கெழவி அவர உதறிட்டு உஷாராணிக்கு தொட்டியக் காட்டுச்சி. "எடு. உன் கையாலயே வெளிய எடு."

"அம்மா, நாம சாவடிக்கக் கூடாதுன்னு நீதானே..."

"நாம எங்கடா சாவடிக்கறோம்? அவதான். அவ எடுக்கற வரைக்கும் உங்கப்பன இங்கேர்ந்து எடுக்க வுட மாட்டேன்."

"மாட்டேம்மா, இத மட்டும் சொல்லாதீங்கம்மா"ன்னு உஷாராணி கையெடுத்துக் கும்புட்டா. யாராச்சும் ஒருத்தரு, போதும் வுடுங்கன்னு சொல்லுவாங்கன்னு நான் சுத்திப் பாத்தேன். எண்ணெக்கடைக்காரன் கைக்கடிகாரத்தப் பாக்குறான். வாசல்லேர்ந்து ஒரு பெருசு, "எமகண்டம் வந்துடும், எடுத்துத் தொலைக்கச் சொல்லுங்க"ன்னு கொரல் வுட்டாரு. "எடும்மா, இன்னாத்த பெரிய மீனு, எல்லாரும் எவ்ளோ நேரம் நிக்கறது?"ன்னு இன்னொரு அம்மா. "எடு, எடு"ன்னு கூடம் பூரா ஒரே முணுமுணுப்பு.

அவ தொட்டிகிட்ட போனா. மூடியத் தூக்கி கைய வுட்டா. அந்த லூசு மீனு எறா போட வந்துட்டான்னு நெனச்சிக்கிச்சி போல, நேரா வந்து அவ வெரல முட்டுது. உஷாராணி கண்ண இறுக்கி மூடிக்கினா. ரெண்டு கையாலயும் அணைச்சி தூக்கினா. மொழங்கையிலேர்ந்து தண்ணி வழிய, அத புள்ளயத் தூக்கற மாதிரி நெஞ்சோட வச்சிக்கினு நின்னா.

"கீழ வை."

வச்சா. டைல்ஸ் தரையில, ஐஸ் பெட்டிக்கு முன்னாடி.

பெரிய மீனு. அது துள்ளி துள்ளி தரையில அடிக்கிற சத்தம் இருக்குதே, பட்டு பட்டுன்னு, அத்தினி பேரு அழுகையும் நின்னுபோச்சி. நான் சமையக்கட்டுக்கு ஓடி பக்கெட்டுல தண்ணியத் தூக்கியாந்தேன். கீதாஞ்சலி பக்கெட்டு வளையத்த புடிச்சிக்கினு வுடல. நான் இழுக்கறேன், அது இழுக்குது, பாதித் தண்ணி என் மேலயே கொட்டிச்சி. "நீயும் வேலைய வுட்டுப் போறியா?"ன்னு கேட்டுது. போறேன் போடின்னு இழுத்தேன். அதுக்குள்ள சத்தம் கொறஞ்சிபோச்சி. வாலு மட்டும் ஆடிச்சி. மீச ரெண்டும் தரையில ஒட்டிக்கிச்சி. செவுளு தொறந்து தொறந்து மூடிச்சி. உஷாராணி பக்கத்துல மண்டி போட்டுக்கினு கைய நீட்டறா, தொடாம இழுத்துக்கறா. அப்புறம் அதுவும் நின்னுடுச்சி.

கோகிலாம்பா குனிஞ்சி பாத்துது. கால் கட்ட வெரலால ஒரு தடவ தள்ளிப் பாத்துது. மீனு அசையல. கெழவி மெதுவா எழுந்து ஐஸ் பெட்டிகிட்ட போச்சி. மூடி மேல கைய வச்சி, கதவத் தட்டுற மாதிரி மெதுவா தட்டிச்சி.

"இன்னாங்க. மீனு செத்துப்போச்சிங்க. எந்திரிங்க."

செந்தில்நாதன் வாயில துண்ட வச்சி அமுக்கிக்கினாரு.

"இங்க பாருங்க. நெசமாத்தான், நானே பாத்துட்டேன். செத்துப்போச்சி. எந்திரிங்க."

இன்னும் கொஞ்சம் பலமா தட்டிச்சி. காதுல வுழலன்னு நெனச்சிக்கினு குனிஞ்சி, கண்ணாடியில வாய வச்சி, அதையே திரும்பச் சொல்லிச்சி. வாசல்ல நேரமாயிடுச்சின்னு கொரல் குடுத்தாங்க. நாலு பேரு வந்து, கெழவியோட கைய ஒவ்வொண்ணா எடுத்து வுட்டுட்டு, மூடியத் தொறந்தாங்க.